பங்குனி ஊர்

எடுங்க தம்பி, நல்லா எடுங்க. செல்போனை மட்டும் பஸ்சுக்கு வெளிய நீட்டாதீங்க, எதிர்ல வர்ற லாரிக்காரன் கையோட சேத்துக் கொண்டுபோயிருவான். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா மடத்துக்குளம் வந்துரும். அங்க வயலு ரோட்டை ஒட்டியே வரும். உடுமலை தாண்டினா மலை இன்னும் கிட்ட வந்து நிக்கும். பொள்ளாச்சி போய்ச் சேர்றதுக்குள்ள உங்க போன்ல எடமே இருக்காது, பாருங்க.

என்ன சொன்னீங்க? இந்த ஊர்ல பொறந்தவங்க குடுத்துவெச்சவங்களா? எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நானும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போயிட்டனுங்க. போட்டோக்காரன் நான். பேரு ஆறுச்சாமி, பொள்ளாச்சியில ஸ்டுடியோ வெச்சிருக்கறேன். எங்க பக்கம் கேமரா கை தவறிக் கீழ விழுந்தாக்கூட அழகா ஒரு படம் விழும்னு பெருமையா சொல்லுவேன். இப்பவும் சொல்றேன். ஆனா முந்தி மாதிரி உடம்புல தெம்பு இல்ல. கல்யாணம் பண்ணப்போறவங்களைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போகோணும், ஆளியாறுக்குக் கூட்டிட்டுப் போகோணும், பொண்ணு சிரிக்கோணும், பையன் பொண்ணைப் பார்க்கோணும், பின்னாடி மலை தெரியோணும். எல்லாப் பொண்ணும் ஒரே சிரிப்பு, எல்லாப் பையனும் ஒரே பார்வை, ஒரே மலை. முட்டி வேற வலிக்குதுங்க.

நீங்க எந்தப் பக்கம்? ராமநாதபுரமா? ராமநாதபுரத்துல எங்க? முதுகுளத்தூர்ப் பக்கமா! அட, அப்படிச் சொல்லுங்க. அப்ப உங்ககிட்டத்தான் இதைக் கேக்கோணும். கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்க ஊரைக் கொறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஒரு விசயம் மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்குது. நான் சொல்றேன், கேட்டுட்டு எம்மேல என்ன தப்புன்னு சொல்லுங்க.

எங்க ஊர்ல மரகதம்னு ஒரு அம்மா. தேங்காய் மண்டிக்காரங்க வீடு. அவங்க மாமனார் காலத்துல உங்க பக்கத்துல இருந்து பொழைக்க வந்த குடும்பந்தான். அதை யாரும் ஞாபகப்படுத்தினா மட்டும் அந்தம்மாவுக்குப் பிடிக்காது. ஒரே பையன், நவநீதன். சொந்தம் விட்டுப்போகக்கூடாதுன்னு முதுகுளத்தூர்ப் பக்கம் செங்கரைப்பட்டின்னு ஒரு கிராமத்துல பொண்ணு எடுத்தாங்க. பூமயில்னு பேரு. அம்மா இல்லாத பொண்ணு, அப்பா மட்டுந்தான்.

கல்யாணத்துக்கு முந்தி அவுட்டோர்ல போட்டோ எடுக்கோணும்னு மரகதம்மா சொன்னாங்க. சரி, பொண்ணை இங்க வரச்சொல்லுங்கன்னேன். பொண்ணோட அப்பா, தாலி ஏறாம எம்புள்ளைய வெளியூருக்கு அனுப்பமாட்டேன்னுட்டாரு. அப்பறம் என்ன பண்றது? நானே பொட்டியைத் தூக்கிட்டு நவநீதன்கூடப் போனனுங்க. பங்குனி மாசம்.

தம்பி, நான் பொய் சொல்லலீங்க. கார் பரமக்குடி தாண்டினதும், எங்கடா கேமராவை வெக்கறதுன்னு பார்க்கறேன், ஒன்னுமே இல்ல. கரிசல் காடு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. கருவேல முள்ளு. அங்க ஒரு பனை, இங்க ஒரு பனை. வானம்னா அப்படி ஒரு வானம், பாதிப் படத்தை அதுவே எடுத்துக்குது. எங்க பக்கம் வானத்தைத் தேடித்தான் பார்க்கோணும். நீங்க கண்மாய்ங்கறீங்க, நாங்க குளம்ங்கறோம், அது தண்ணியில்லாம வெந்த சட்டி மாதிரி கெடக்குது. அந்தக் கண்மாய்க் கரையிலதான் நிப்பேன்னு பூமயில் அம்மணி ஒத்தக்கால்ல நிக்குது.

"கோயில்கிட்ட ஒரு வேப்பமரம் பார்த்தேன், அங்க எடுத்துக்கலாமே அம்மணி"ன்னேன்.

"அங்கயும் எடுங்கண்ணே. முதல்ல இங்க எடுங்க"ன்னு சொல்லிருச்சு.

எடுத்தேன். மொளகாய்க் களத்துல எடுத்தேன். செவசெவன்னு மொளகாய் காயப் போட்டிருந்தாங்க, அது ஒன்னுதான் கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. அப்பறம் கரையில. அந்த நேரம் பார்த்து அவங்க அப்பா காட்டுல இருந்து வந்தாரு. இருளப்பன்னு பேரு. நல்ல உயரம், ஒல்லி. இடுப்புல வேட்டியை மடிச்சுக் கட்டி, தலையில துண்டு. கால்ல செருப்பில்ல. வாங்கய்யா ஒரு படம்னு அந்த அம்மணி கையைப் பிடிச்சு இழுக்குது. போட்டாவெல்லாம் எதுக்குத்தா, வேண்டாங்கறாரு. கடைசியில வந்து கரையில நின்னாரு. ஒரு கால் மேல, ஒரு கால் சரிவுல. நான் இங்க பாருங்கய்யாங்கறேன், அவரு காட்டைப் பார்த்துட்டு நிக்கறாரு.

"நீங்க பாட்டுக்கு எடுங்க தம்பி, நான் பாட்டுக்கு அங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்"னாரு.

எடுத்து முடிச்சு உக்காந்தப்ப, உங்க ஊரு எப்புடின்னு கேட்டாரு. நான் விடுவனா? தென்னந்தோப்பு, வாய்க்கால், மலை, மழை எல்லாத்தையும் சொன்னேன். எங்க பார்த்தாலும் பச்சைதாங்கய்யா, நாலடி தள்ளி மண்ணு தெரியாதுன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அம்புட்டுப் பச்சையில மாடு காணாமப் போனா எப்புடித் தேடுவீக?"ன்னாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. மாடு தேடறதுக்கா தம்பி ஆண்டவன் ஊரைப் படைச்சான்?

சரி. பொள்ளாச்சிக்கு வந்து படத்தையெல்லாம் மரகதம்மாவுக்குக் காட்டினேன். அவங்க மூஞ்சி போன போக்கு இருக்குதே! "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. பின்னாடிதான் ஏனுங்க இப்படிக் காஞ்சு கெடக்குது? சொந்தபந்தம் பார்த்தா பஞ்சத்துல பொண்ணெடுத்தாங்கன்னு பேசுவாங்க. கொஞ்சம் பசுமை பண்ணிக் குடுங்க ஆறுச்சாமி"ன்னாங்க.

அது என்ன பெரிய காரியம்? இப்ப எல்லாரும் பண்றதுதான். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எங்க பக்கமே தென்னைக்கு வாடல் நோய் வந்து பாதித் தோப்பு மஞ்சளாத்தான் நிக்குது. இந்தா, ஜன்னல்ல பாருங்க, அந்த வரிசை மொத்தமும் போச்சு. நான் கம்ப்யூட்டர்ல பச்சை ஏத்தித்தான் ஆல்பத்துல வெக்கறேன். யாராவது கேட்டாங்களா? சந்தோசமா வாங்கிட்டுப் போறாங்க.

ஆனா அந்த ஆல்பத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொண்ணு தலைமுடி ஒவ்வொரு இழையா அறுத்து எடுத்தேன். வெடிச்ச காட்டை எடுத்துட்டு நாத்து வெச்சேன். கருவேலத்தை எடுத்துட்டுத் தென்னை வெச்சேன். இருளப்பன் ஐயா படத்துக்கு ஆனைமலையையே கொண்டுபோய் பின்னாடி வெச்சு, பக்கத்துல ஒரு வாய்க்கால் ஓடவிட்டேன். அவரு காலு மட்டும் வெடிச்சு, புழுதியா இருந்துச்சு. அதைப் புல்லு வெச்சு மறைச்சுட்டேன். ஆளு ஜமீன்தார் மாதிரி ஆயிட்டாரு. யாரும் கேக்காமயே பண்ணுனதுங்க அது. அவருக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னு.

வைகாசியில பொள்ளாச்சி மண்டபத்துல கல்யாணம். ஆல்பத்தை மேடைக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தாங்க. பார்த்தவங்கெல்லாம் ஆகா ஓகோங்கறாங்க. பூமயில் அம்மணி ஒவ்வொரு பக்கமா திருப்புச்சு. அவங்க அப்பா படத்துக்கிட்ட வந்ததும் கை நின்னு போச்சு. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துச்சு. நல்லா இருக்குதா அம்மணின்னேன். மூடி வெச்சுருச்சு. அவங்க அப்பா எட்டிப் பார்த்தாரு. "யாருத்தா இது, என்னை மாதிரியே இருக்கான்"னு சொல்லிச் சிரிச்சாரு. நல்ல மனுசன்.

அந்த மனுசன் ஐப்பசியில செத்துப் போயிட்டாருங்க. காட்டுக்குப் போனவரு அங்கயே உக்காந்த மேனிக்கு. மாரடைப்புன்னாங்க.

முப்பதாம் நாள் காரியம் முடிச்சுட்டுத் திரும்பின கையோட அந்த அம்மணியும் நவநீதனும் ஸ்டுடியோவுக்கு வந்தாங்க.

"அண்ணே, எங்கய்யா கரையில நிக்கிற படம் இருக்குல்ல, அதோட பழசு வேணும்."

பழசு ஏதுங்க? ஆல்பம் குடுத்து, கல்யாணம் முடிஞ்சுட்டா பழசையெல்லாம் அழிச்சுத்தான் புதுசுக்கு எடம் பண்ணுவோம். தொழில்ல அதுதான் வழக்கம். அதைத்தான் சொன்னேன். இருக்கறதுலயே முகம் தெளிவா இருக்குதே அம்மணி, ஒரு புள்ளி நான் மாத்தலையே, பெருசு பண்ணி கண்ணாடி போட்டுத் தர்றேன்னேன்.

"முகம் இருக்குண்ணே. அவரு எங்க நிக்கிறாருன்னுதான் தெரியல"ன்னுச்சு.

"மண்டபத்துல எடுத்தது இருக்குதே?"

"புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு, கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாரு. அது எங்கய்யா இல்லண்ணே."

சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அது சண்டையே போடல தம்பி. ஸ்டூல்ல உக்காந்து, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுவுது. நவநீதன் தரையைப் பார்த்துட்டு நிக்கறான். அழுவட்டும்னு விட முடியுமா? நானே ஒரு யோசனை சொன்னேன். நான் மறுபடி உங்க ஊருக்குப் போறேன், அந்தக் கரையை அப்படியே எடுத்துட்டு வர்றேன், ஐயாவை அதுல நிக்க வெச்சுத் தர்றேன். எனக்குத் தலையெழுத்தா? ஆனா சொன்னேன். சொன்னதும் அந்தப் பொண்ணு முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, அதுக்காகவே போகோணும்னு ஆயிருச்சு.

கார்த்திகையில ஒரு கல்யாணம் மதுரையில இருந்துச்சு. அதை முடிச்சுட்டு அப்படியே செங்கரைப்பட்டிக்கு விட்டேன். போய் எறங்கினா எனக்கு ஊரே தெரியல. கண்மாய் முட்டத் தண்ணி. கரைக்கு அந்தப் பக்கம் நெல்லு, பச்சைன்னா பச்சை, எங்க ஊரே தோத்துப் போகும். கொக்கு, நாரை, என்னென்னமோ பறவை. வேலிமுள்ளுகூடப் பூத்து நிக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அங்கிருந்தே போன் பண்ணிட்டேன்.

"அம்மணி, நீங்க கவலைப்படவே வேண்டாம். உங்க ஊரு அப்படியே எங்க ஊரு மாதிரி ஆயிருச்சு. ஐயாவை இதுல நிக்க வெச்சா ராசா மாதிரி இருப்பாரு"ன்னேன்.

கண்மாயில தண்ணி ஏறிருச்சான்னு கேட்டுச்சு. முட்ட நிக்குதுன்னேன்.

அப்பறம் மெதுவா, "அது கார்த்திகை ஊருண்ணே. எனக்கும் பிடிக்கும். ஆனா எங்கய்யா நின்னது பங்குனி ஊரு. காயட்டும்ணே, போவோம்"னுச்சு.

கேட்டீங்களா? காயட்டுமாம்! ஊரு எப்படா பச்சையாகும்னு காத்திருக்கறவங்களைப் பார்த்திருக்கறேன். காயட்டும்னு காத்திருக்கற பொண்ணை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

காஞ்சுச்சு. பங்குனி வந்துச்சு. இந்தத் தடவை அதுவும் நவநீதனும் கூட வந்தாங்க. அவங்க ஐயா வீட்டைத் தொறந்து கூட்டிட்டு, பக்கத்து வீட்டம்மா குடுத்த கம்பங்கூழைக் குடிச்சுட்டு, பொழுது சாயட்டும்னு உக்காந்திருந்தோம். வெயிலு தாழ்ந்ததும் கரைக்குப் போனோம். இங்க வைங்கண்ணே, இல்ல இன்னும் கொஞ்சம் கீழங்குது. அது சொன்ன எடத்துல கேமராவை வெச்சேன். பழைய வெடிப்பு, பழைய பனை, நடுவால வண்டிப்பாதை. போன வருசம் பார்த்த அதே வெறும் காடு.

எனக்கு மனசு கேக்காம அப்பத்தான் கேட்டேன். "அம்மணி, பொள்ளாச்சி வந்து வருசமாகப் போவுது. நெசத்தைச் சொல்லோணும். எங்க ஊரு அழகா, இது அழகா?"

அது யோசிச்சுத்தான் சொல்லுச்சு.

"உங்க ஊரு அழகுதாண்ணே, இல்லேங்கல. ஆனா அங்க எங்கிட்டுப் பாத்தாலும் மரம் மறைச்சிருது. வீட்டுக்கு ஒரு ஆளு வர்றது வாசப்படிக்கு வந்தபெறகுதான் தெரியுது. இங்க எங்கய்யா அந்தக் கடேசிப் பனையத் தாண்டுறப்பவே எனக்குத் தெரியும். தலையில துண்டு வெள்ளையா ஒரு புள்ளி. அவரு நடந்து வர்றதுக்குள்ள நான் அடுப்பப் பத்த வச்சு, கஞ்சியச் சுட வச்சு, சொம்புல தண்ணி மோந்து வச்சிருவேன். அம்மா செத்தபெறகு அம்புட்டு வருசமும் அப்புடித்தான். சாயங்காலமானா நான் இந்தக் காட்டத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அவரு வரவரப் பெருசாயிக்கிட்டே வருவாரு."

நவநீதன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. மரம் மறைக்குதுன்னு எங்க ஊருமேல இதுவரைக்கும் ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. ஊரெல்லாம் மரம் நடுங்க நடுங்கன்னு சொல்லிட்டு இருக்கறப்ப! ஆனா துக்கத்துல இருக்கற பொண்ணுகிட்ட என்ன எதிர்ப்பேச்சு? வாயை மூடிட்டு எடுத்தேன். வெளிச்சம் மஞ்சளாகி, செவப்பாகி, பனை நிழலு நீண்டு பாதையில விழுகற வரைக்கும் எடுத்தேன். இருந்து இருந்து எடுத்ததுல ஒன்னு நல்லா வந்திருந்துச்சு. அதை என் வாயாலயே சொல்லக்கூடாது.

ஊருக்கு வந்து உக்காந்தேன். ஆல்பத்துல இருந்து ஐயாவை வெட்டி எடுத்து கரைமேல வெக்கறேன், ஆளுக்குக் காலில்ல. நாந்தான் புல்லுல மறைச்சுட்டனே. அந்தரத்துல நிக்கறாரு. என்ன பண்றதுன்னு யோசிச்சேன். புல்லு அங்க வெக்க முடியாது, கரையில ஒரு புல்லு இல்ல. கடைசியில ஸ்டுடியோ வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, ஒரு கால் மேல, ஒரு கால் கீழ வெச்சு, எங்காலை நானே எடுத்தேன். அதைக் கறுப்பு பண்ணி, புழுதி ஏத்தி, ஐயா வேட்டிக்குக் கீழ ஒட்டினேன். என் சம்சாரம் பார்த்துட்டு, ஒட்டினதே தெரியலைன்னுட்டா. தொழில்ல இருக்கறவன் பார்த்தாக்கூடக் கண்டுபிடிக்க முடியாதுங்க, அப்படி வந்திருந்துச்சு.

அந்த அம்மணி வந்து பார்த்துச்சு. வெகு நேரம் பார்த்துச்சு. முகத்தை விரலால தொட்டுச்சு. விரலு அப்படியே கீழ எறங்கி வந்து காலுகிட்ட நின்னுச்சு.

"இது யாரு காலுண்ணே?"

நான் எங்காலை மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டேன்.

"எங்கய்யாவுக்கு வலது பெருவிரலு நசுங்கி இருக்கும். ஏரு ஏறுனது"ன்னுச்சு.

வேண்ணா விரலை நசுக்கித் தர்றேன் அம்மணி, நாளைக்கு வாங்கன்னேன். அது தலையை ஆட்டிருச்சு. கோவமெல்லாம் இல்ல. ரொம்ப அலுத்துப் போன மாதிரி சிரிச்சுச்சு.

"விடுங்கண்ணே. எங்கய்யாவ இதுலருந்து எடுத்துருங்க. எடம் மட்டும் இருக்கட்டும்."

நல்லாக் கவனிங்க தம்பி. ஐயாவுக்காகத்தானே இத்தனை அலைச்சல்? கார்த்திகையில ஒருக்கா, பங்குனியில ஒருக்கா, எங்காலை வேற எடுத்து ஒட்டி! கடைசியில ஐயாவை எடுத்துருன்னா என்னுங்க நியாயம்? அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து அவரை அழிச்சு, திரும்பக் கொண்டாந்து, மறுபடி அழிச்சேன். எத்தனையோ பேரை அழிச்சிருக்கறேன், படத்துல குறுக்க வந்தவங்க, கூடப் பொறந்தவங்ககூடச் சண்டைன்னு அழிக்கச் சொன்னவங்க. இப்படி ஆனதில்ல. பெருசு பண்ணி, கண்ணாடி போட்டு, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். மரகதம்மா வாங்கிப் பார்த்துட்டு, "இந்த வெறுங்காட்டை எங்கிங்க மாட்டறது?"ன்னாங்க. நான் ஆணியை மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்.

அதோட விட்டிருக்கோணும். போன மாசம் அந்த அம்மணிக்கு வளைகாப்பு, படம் எடுக்க என்னையே கூப்பிட்டாங்க. கூடத்துல நொழைஞ்சேன். மரகதம்மாவோட மாமனார் படம் ஒன்னு மாலை போட்டு எப்பவும் அங்க இருக்கும். அதுக்குப் பக்கத்துலயே, அதே உயரத்துல, நான் குடுத்த படம். அதுக்கும் சந்தனம், குங்குமம். அதுக்கும் மாலை. காடு, கரை, பனை, பாதை, அவ்வளவுதான். ஒரு காக்கா குருவிகூட இல்ல அதுல.

வந்திருந்தவங்கள்ல கோயமுத்தூர்க்காரம்மா ஒருத்தங்க அதுக்கு முன்னால நின்னுட்டாங்க.

"ஏனுங்க மரகதம், மாலை போட்டிருக்குது, ஆளையே காணோமே? யாருங்க இது?"

மாட்டினாங்கடா மரகதம்மான்னு நெனச்சேன். அந்தம்மாதான் பின்னாடி காஞ்சு கெடக்குதுன்னு மூஞ்சி சுளிச்சவங்களாச்சே. அவங்க வளையல் தட்டைக் கீழ வெச்சாங்க. மாலை ஒரு பக்கமா எறங்கியிருந்துச்சு, அதை இழுத்துச் சரி பண்ணினாங்க.

"எங்க சம்பந்திங்க"ன்னாங்க.

கோயமுத்தூர்க்காரம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்பறம் கையெடுத்துக் கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

அதைப் படம் எடுக்கலாம்னு நான் கேமராவைத் தூக்கினனுங்க. தூக்கிட்டு, எடுக்காமயே கீழ எறக்கிட்டேன். அந்த எடத்துல வெளிச்சம் பத்தல.